ஐந்திலும் ஏழிலும் ஜாஸ் பியானோ: தொடங்குபவர்களுக்கு ஒரு விளக்கம்

டேவ் புரூபெக் குவார்டெட் 1959-ல் நியூயார்க்கில் பதிவு செய்த 'டேக் ஃபைவ்', ஐந்து பீட் தாளத்துக்கு ஜாஸ் உலகம் முதலில் காட்டும் உதாரணம். அதில் பியானோ சோலோ எப்போது வரும் என்று காத்திருந்து கேட்டால் கடைசிவரை வராது. மெட்டை எழுதிய பால் டெஸ்மண்டுக்கு சாக்ஸபோன் சோலோ உண்டு, ஜோ மொரெல்லோவுக்கு டிரம்ஸ் சோலோ உண்டு. குழுவின் தலைவர் புரூபெக்கோ இரண்டு கார்ட்களை ஒரே தாளக்கட்டில் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறார். மொரெல்லோ ஒரு பார் (ஒரு தாளச் சுற்று) முழுக்கச் சும்மா இருந்துவிட்டு நினைத்த இடத்தில் அடித்தாலும் கேட்பவருக்குத் தாளம் தவறாமல் இருப்பது அந்தப் பியானோவால்தான்.

'டேக் ஃபைவ்' இடம்பெற்ற 'டைம் அவுட்' ஆல்பத்திலேயே உள்ள 'புளூ ரோண்டோ ஆ லா டர்க்' இன்னொரு பாடம். இஸ்தான்புல் தெருவில் கேட்ட ஒரு தாளத்திலிருந்து புரூபெக் அதை உருவாக்கினார். மெட்டு 9/8-ல், இரண்டு-இரண்டு-இரண்டு-மூன்று என்று ஓடும். சோலோ தொடங்கியதும் தாளம் சாதாரண 4/4 புளூஸுக்கு இறங்கிவிடும். எழுதி வைத்த மெட்டை ஒன்பதில் வாசிப்பது ஒரு வேலை, ஒன்பதிலேயே அந்த நிமிடத்தில் புதிதாக ஒன்றைப் படைப்பது வேறொரு வேலை. இரண்டாவது எவ்வளவு கடினம் என்பது அந்த அமைப்பிலேயே தெரிகிறது.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வேலையைப் பற்றியது. கீபோர்டில் கார்ட் பிடிக்கத் தெரியும், நாலு பீட்டில் கொஞ்சம் இம்ப்ரவைஸ் செய்யத் தெரியும், ஐந்தோ ஏழோ வந்தால் கை நின்றுவிடுகிறது என்ற நிலையில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டது.

எண்ணினால் போதாது, பிரிக்க வேண்டும்

5/4 என்பதில் மேல் எண் ஒரு பாரில் எத்தனை என்பதையும், கீழ் எண் எந்த அளவு நோட் என்பதையும் சொல்கிறது. ஐந்து குவார்ட்டர் நோட் ஒரு பார். 7/8 என்றால் ஏழு எய்த் நோட். இதைத் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும், ஆனால் இதை வைத்து வாசிக்க முடியாது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே இம்ப்ரவைஸ் செய்ய முயல்கிறவரின் கவனம் முழுக்க எண்ணிலேயே போய்விடும். ஸ்வரத்தைத் தேர்ந்தெடுக்க மிச்சம் எதுவும் இருக்காது. வேகம் கூடினால் எண்ணுவதும் அறுந்துபோகும்.

அனுபவமுள்ள வாசிப்பாளர் ஐந்தை ஐந்தாகக் கேட்பதில்லை. மூன்றும் இரண்டுமாகக் கேட்கிறார். பாருக்கு ஐந்து அடையாளங்களுக்குப் பதில் இரண்டு அடையாளங்கள்: ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஏழு என்றால் நான்கும் மூன்றும். 7/8 வேகமாக ஓடும்போது இரண்டு-இரண்டு-மூன்று.

தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. 'தகிட தக' என்றால் மூன்றும் இரண்டும், 'தகதிமி தகிட' என்றால் நான்கும் மூன்றும். எண் எதுவும் இல்லாமலே பிரிவு வாயில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மிருதங்க வகுப்புக்குப் போகாதவர்களும் பத்து நிமிடத்தில் இதைப் பிடித்துக்கொள்ளலாம். மேலைநாட்டு ஜாஸ் கலைஞர்கள் பலர் கொன்னக்கோலை (இப்படித் தாளச் சொற்களை வாயால் சொல்லும் கலை) தேடி வந்து கற்பதும் இதற்காகத்தான்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கர்நாடக சங்கீதத்தின் ஐந்து எண்ணிக்கைத் தாளமான கண்ட சாபு இரண்டும் மூன்றும். 'டேக் ஃபைவ்' மூன்றும் இரண்டும். ஏழு எண்ணிக்கையுள்ள மிஸ்ர சாபு மூன்றும் நான்கும். ஜாஸில் 7/4 பெரும்பாலும் நான்கும் மூன்றுமாக வரும். எண்ணிக்கை ஒன்று, வரிசை தலைகீழ். கர்நாடக சங்கீதம் பழகிய காது உள்ளவர்கள் ஜாஸ் ஐந்துக்குள் வரும்போது அழுத்தத்தை மூன்றாவது பீட்டில் வைத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. டிரம்ஸ் வாசிப்பவர் நான்காவதில் அழுத்துவார். இருவரும் தாளத்தில்தான் இருப்பார்கள், ஆனாலும் கேட்பவருக்கு ஏதோ உரசும். எனவே ஒரு பாட்டைத் தொடுமுன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை பீட் என்பது அல்ல, எங்கே பிரிகிறது என்பது.

இன்னொரு வேறுபாட்டையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 7/4-ல் பதினான்கு எய்த் நோட்கள் இருக்கின்றன. இரண்டிரண்டாக ஜோடி சேரும், எனவே ஸ்விங் செய்யலாம், அதாவது ஜோடியில் முதல் நோட்டை நீட்டி இரண்டாவதைக் குறுக்கலாம். 7/8-ல் ஏழு எய்த் நோட்கள்தான், ஒன்று ஜோடியில்லாமல் நிற்கும். ஸ்விங் செய்தால் ஒரு பாரில் நீளமாக வந்த நோட் அடுத்த பாரில் குட்டையாகிவிடும். அதனால்தான் 7/8-ஐ ஸ்விங் இல்லாமல் நேராக வாசிக்கிறார்கள். தொடங்குபவர்கள் 5/4, 7/4 இரண்டையும் முதலில் எடுங்கள். 7/8-க்கும் 9/8-க்கும் பிறகு போகலாம்.

இடக்கைதான் தாளம் போடும் கை

கச்சேரியில் பாடுபவர் தொடையில் தாளம் போடுவார், சபையும் சேர்ந்து போடும். ஜாஸ் மேடையில் அப்படி யாரும் கண்ணுக்குத் தெரியத் தாளம் போடுவதில்லை. டிரம்ஸும் பேஸும் அதைச் சுமக்கின்றன. தனியாகப் பயிற்சி செய்யும் பியானோ மாணவருக்கு அவர்களும் இல்லை. ஆகவே இடக்கைதான் தாளம். வலக்கையின் கற்பனை எவ்வளவு வளமாக இருந்தாலும் இடக்கை தானாக ஓடாதவரை ஐந்தில் இம்ப்ரவைசேஷன் நடக்காது. புரூபெக் அந்தப் பதிவில் செய்தது இதைத்தான்.

டி மைனர் 7, ஜி 7 என்ற இரண்டு கார்ட்கள், அவற்றின் விரிந்த வடிவத்தில், போதும். இடக்கையை இப்படி வையுங்கள்: நடு சி-க்குக் கீழே உள்ள எஃப் மீது சுண்டுவிரல், ஏ மீது நடுவிரல், நடு சி மீது ஆள்காட்டி விரல், அதற்கு மேலுள்ள ஈ மீது கட்டைவிரல். இது டி மைனர் 9. இதில் டி இல்லை. அதைப் பேஸ் பார்த்துக்கொள்ளும். இப்போது ஆள்காட்டி விரலை மட்டும் சி-யிலிருந்து பக்கத்துக் கீயான பி-க்கு இறக்குங்கள். மற்ற மூன்று விரல்களும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். எஃப், ஏ, பி, ஈ: இது ஜி 13. ஒரே ஒரு விரல் ஒரே ஒரு கீ நகர்ந்ததில் கார்ட் மாறிவிட்டது. கையைப் பார்க்கத் தேவையில்லை, தாவத் தேவையில்லை. இந்தப் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது.

மெட்ரனோமை (சீராகத் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 90 பீட்டில் வைத்து, முதல் பீட்டில் டி மைனர் 9-ஐ அடித்து மூன்று பீட் பிடியுங்கள். நான்காவது பீட்டில் ஜி 13-ஐ அடித்து இரண்டு பீட் பிடியுங்கள். வாயில் 'தகிட தக' சத்தமாக ஓடட்டும். கார்ட் மாறும் இடமே பிரிவைக் காட்டிவிடுவதால் காது எண்ணுவதை விட்டுவிட்டு அந்த சி-பி நகர்வைக் கேட்கத் தொடங்கும். அதுதான் வேண்டும். கார்ட்டை அடித்துவிட்டுக் கையை எடுத்துவிடாதீர்கள். மூன்று என்றால் முழு மூன்று பிடிக்க வேண்டும், நீளத்தை உணர்வதற்காகத்தான் இது.

இது சரளமானதும் அடுத்த அமைப்புக்குப் போங்கள். கார்ட் விழும் இடங்கள்: ஒன்று, இரண்டரை, நான்கு, ஐந்து. இரண்டரை என்பது இரண்டாவது பீட்டுக்கும் மூன்றாவதுக்கும் சரியாக நடுவில். முதல் இரண்டு அடி டி மைனர் 9, பின் இரண்டு அடி ஜி 13. எய்த் நோட்டாகப் பார்த்தால் மூன்று-மூன்று-இரண்டு-இரண்டு. லாலோ ஷிஃப்ரின் 1966-ல் 'மிஷன்: இம்பாசிபிள்' தொலைக்காட்சித் தொடருக்கு எழுதிய இசை இதே பிரிவில்தான் ஓடுகிறது. அதை நினைத்துக்கொண்டால் இரண்டரை எங்கே இருக்கிறது என்று தனியாகத் தேட வேண்டியதில்லை. தொடக்கத்தில் இதை ஸ்விங் இல்லாமல் நேராக வாசியுங்கள்.

பேஸ் வாசிக்க ஆளில்லாமல் தனியே வாசிப்பவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. முதல் பீட்டில் கீழ் டி, இரண்டிலும் மூன்றிலும் கார்ட், நான்கில் கீழ் ஜி, ஐந்தில் கார்ட். ஒரு வால்ட்ஸ், அதன் வாலில் இரண்டு பீட். கை தாவ வேண்டியிருப்பதால் இது முந்தைய இரண்டையும்விடக் கடினம். பெடலைத் தொட்டால் ஒன்றிலும் நான்கிலும் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் டியும் ஜியும் கலந்து சேறாகிவிடும்.

இடக்கை தயாரா என்று சோதிக்க ஒரு வழி: இடக்கை ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்திலிருப்பவரை ஏதாவது கேட்கச் சொல்லுங்கள். முழு வாக்கியத்தில் பதில் சொன்ன பிறகும் கை தடுமாறவில்லை என்றால் தயார். பதிலின் தாளத்துக்கு ஏற்பக் கை மாறினாலோ நின்றாலோ இன்னும் சில நாள் அதையே செய்யுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டு வலக்கையைச் சேர்ப்பதுதான் பெரும்பாலானவர்கள் ஐந்தைக் கைவிடக் காரணம்.

மெட்ரனோமைப் பாதி வேகத்துக்குக் குறைப்பது இன்னொரு சோதனை. 90-க்குப் பதில் 45-ல் வைத்து, நீங்கள் அதே 90-ல் வாசியுங்கள். முதல் பாரில் சத்தம் 1, 3, 5-ல் விழும். அடுத்த பாரில் 2, 4-ல் விழும். மூன்றாவது பாரில் மறுபடி 1-க்கு வரும். இரண்டாவது பாரில் மெட்ரனோம் உங்களுக்கு எதிராக அடிப்பதுபோல் இருக்கும். அங்கே கை அதன் பக்கம் சாய்ந்துவிட்டால் பிரிவு இன்னும் உங்களுக்குள் இறங்கவில்லை என்று பொருள். ஏழுக்கும் இதே சோதனை பொருந்தும்: 1, 3, 5, 7, பிறகு 2, 4, 6.

வலக்கை: ஒரே ஸ்வரத்திலிருந்து

வலக்கைக்கு முதலில் ஒரே ஒரு ஸ்வரம் கொடுங்கள். நடு சி-க்கு மேலுள்ள ஏ. இரண்டு கார்ட்டிலும் அது இருக்கிறது, எங்கே அடித்தாலும் தப்பில்லை. என்ன ஸ்வரம் என்ற கேள்வியே இல்லாததால் முழுக் கவனமும் எந்த இடத்தில் என்பதில் இருக்கும். நாலு பாரை ஒரு சுற்றாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாரில் 'தகிட' பகுதியில் மட்டும் வாசியுங்கள். இரண்டாவதில் 'தக' பகுதியில் மட்டும். மூன்றாவது பாரில் வலக்கை எதுவும் வாசிக்க வேண்டாம். நான்காவது பாரின் நான்காவது பீட்டில் தொடங்கி, அடுத்த சுற்றின் முதல் பீட்டில் முடியுங்கள். காலியான அந்த மூன்றாவது பாரை விட்டுவிடாதீர்கள். தாளம் உள்ளே ஓடுகிறதா என்பது அங்கேதான் தெரியும்.

பிறகு ஏ, சி, டி என்று மூன்று ஸ்வரங்கள். பிறகு டி-யிலிருந்து டி வரை எல்லா வெள்ளைக் கீகளும். இரண்டு கார்ட்டுக்கும் அதே ஸ்கேல்தான்.

இந்தக் கட்டத்தில் ஏறத்தாழ எல்லோருக்கும் ஒரே கோளாறு வரும். வலக்கை பல வருடமாக நாலு பீட் வாக்கியங்களிலேயே பழகியிருக்கிறது. முதல் பீட்டில் தொடங்கி நான்கில் முடித்துவிட்டு, ஐந்தாவது பீட்டில் காத்து நிற்கும். மறுபடி ஒன்றில் தொடங்கும். ஒவ்வொரு பாரிலும் இது நடந்தால் கேட்பவருக்கு 5/4 கேட்காது, கால் இடறும் 4/4 கேட்கும். ஸ்வரங்கள் எல்லாம் சரியாக இருந்தும் இசை நகராது.

இதற்கு மருந்து, தொடங்கும் இடத்தை மாற்றுவது. நான்காவது பீட்டில் தொடங்குங்கள். இதோ ஒரு வாக்கியம், மெதுவாக வாசித்துப் பாருங்கள். நான்கில் ஏ, நான்கரையில் பி, ஐந்தில் டி, ஐந்தரையில் ஈ. அடுத்த பாரின் ஒன்றில் எஃப், அதை அப்படியே பிடித்து இரண்டரையில் டி, மூன்றில் சி, நான்கில் பி. அவ்வளவுதான், எட்டு ஸ்வரங்கள்.

இதில் என்ன நடக்கிறது என்று நெருங்கிப் பாருங்கள். வாக்கியம் 'தக' பகுதியில் எழுந்து பாரின் கோட்டைத் தாண்டி ஒன்றில் இறங்குகிறது. அங்கே இருக்கும் எஃப், டி மைனரின் மூன்றாவது ஸ்வரம், அதனால் புதிய கார்ட் வந்துவிட்டது என்பதை வலக்கையும் உறுதிசெய்கிறது. கடைசியில் மூன்றாவது பீட்டின் சி, நான்காவது பீட்டின் பி-க்கு இறங்குகிறது. அதே நொடியில் இடக்கையின் ஆள்காட்டி விரலும் சி-யிலிருந்து பி-க்கு இறங்குகிறது. வலக்கையின் வாக்கியமே தாளத்தின் பிரிவைச் சொல்லிவிட்டது. ஐந்தில் நல்ல வரி என்பது இதுதான்: தாளக்கட்டை அழுத்திக் காட்டாமல், ஸ்வரம் மாறும் இடத்தால் காட்டுவது.

அடுத்து, உங்களுக்குப் பிடித்த ஒரு சிறிய வாக்கியத்தை, நான்கைந்து ஸ்வரங்களுக்கு மேல் வேண்டாம், ஒன்றில் தொடங்கி வாசியுங்கள். பிறகு அதையே இரண்டில் தொடங்கி, மூன்றில், நான்கில், ஐந்தில். சில இடங்களில் அது அழகாக உட்காரும், சில இடங்களில் உறுத்தும். உறுத்தும் இடத்தில் ஸ்வரத்தை மாற்றாமல் கடைசி ஸ்வரத்தின் நீளத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். இடம் மாறாத ஒரே வாக்கியத்தை நூறு தடவை வாசிப்பதைவிட இது பலமடங்கு பயன் தரும்.

வேறு சில கோளாறுகள்

ஐந்தாவது பீட்டில் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிடுவது மிகவும் சகஜம். அரை பீட் நீண்டு, பிறகு ஒரு முழு பீட் நீண்டு, 5/4 மெல்ல 6/4 ஆகிவிடும். வாசிப்பவருக்கு இது தெரியாது, வசதியாகக்கூட இருக்கும். போனில் பதிவு செய்து, மறுநாள் கையால் தட்டிக்கொண்டே கேட்டால் உடனே பிடிபடும்.

7/8-ல் எதிர்க் கோளாறு. இரண்டு-இரண்டு-மூன்றில் உள்ள மூன்றைச் சுருக்கி இரண்டுபோல் ஆக்கிவிடுவது, அல்லது இரண்டுகளை இழுத்து மூன்றுக்குச் சமமாக்குவது. மூன்று தட்டுகளும் ஒரே நீளமாகி, ஏழு ஒரு சாதாரண மூன்று பீட் வால்ட்ஸாக உருகிவிடும். அதற்கு எய்த் நோட்டைத்தான் மெட்ரனோமில் வைக்க வேண்டும், பெரிய தட்டுகளை அல்ல.

ஒவ்வொரு பாரின் ஒன்றையும் வலக்கையால் ஓங்கி அடிப்பது இன்னொன்று. தொலைந்துவிடுவோமோ என்ற பயத்தில் வருவது இது. ஒன்றைச் சொல்ல இடக்கை இருக்கிறது. வலக்கை நாலு பாருக்கு ஒரு தடவை ஒன்றைத் தொட்டால் போதும். மற்ற பார்களில் ஐந்தரையில் அடித்த ஸ்வரத்தை அடுத்த பாருக்குள் பிடித்துக்கொண்டே போங்கள்.

ஏழுக்குப் போகும்போது

ஏழு, ஐந்தைவிடச் சற்று இலகுவானது என்றே பலருக்குத் தோன்றும். நான்கும் மூன்றும் என்பதில் முதல் பாதி பழக்கமான நாலு. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது, இரண்டாம் பாதியையும் நாலாக்கிவிடத் தோன்றும்.

பழைய 4/4 மெட்டுகளை ஏழுக்கு மாற்றும் எளிய வழி, இரண்டு பாரை ஒன்றாக்குவது. பாருக்கு ஒரு கார்ட் வீதம் எட்டு பீட் இருந்த இடத்தில், முதல் கார்ட்டுக்கு நான்கு, இரண்டாவதுக்கு மூன்று. டி மைனர் 9 நான்கு பீட், ஜி 13 மூன்று பீட், அடுத்த பார் முழுக்க சி மேஜர் 9. இடக்கைக்கு இதுவும் சிரமமில்லை. எஃப்-ஏ-பி-ஈ என்று இருந்த கையில் எஃப் ஈ-க்கு இறங்கும், ஏ ஜி-க்கு இறங்கும், பி அசையாது, மேல் ஈ டி-க்கு இறங்கும். ஈ-ஜி-பி-டி. இந்த மூன்று கார்ட்களின் நகர்வு ஜாஸ் மெட்டுகளில் எங்கும் வருவதால், இதை ஏழில் கையாளத் தெரிந்தால் பாதி ரெப்பர்ட்வார் (ஜாஸ் கலைஞர்கள் வாசிக்கும் மெட்டுகளின் தொகுப்பு) திறந்துவிடும்.

மெட்டின் வரிகளைச் சுருக்கும்போது ஒரு பீட்டைக் கடைசியில் வெட்டி எறியாதீர்கள். வரிக்குள் நீளமாக நிற்கும் ஸ்வரம் எதுவோ அதில் குறையுங்கள். 4/4-ஐ 5/4 ஆக்கும்போதும் அப்படியே: கூடுதல் பீட்டைக் காலி இடமாகப் பாரின் கடைசியில் ஒட்டினால் இடறும் நாலுதான் கிடைக்கும், நடுவில் உள்ள நீள ஸ்வரத்தை நீட்டினால் மெட்டு ஐந்திலேயே பிறந்ததுபோல் ஒலிக்கும். பயிற்சிக்கு 12 பார் புளூஸ் நல்ல களம். நாலில் 48 பீட் கொண்ட சுற்று, ஐந்தில் 60 பீட் ஆகும். வேகம் 120 என்றால் 24 விநாடியில் முடிந்தது 30 விநாடி எடுக்கும். அந்தக் கூடுதல் ஆறு விநாடிதான் முதலில் தடுமாற வைக்கும், கார்ட் மாறும் இடத்துக்குக் கை முன்கூட்டியே போய்விடும்.

ஏழில் இன்னொரு இடக்கை அமைப்பு தெரிந்திருக்க வேண்டும். பதினான்கு எய்த் நோட்டை ஏழு-ஏழாகப் பிரித்து, ஒன்றிலும் நான்கரையிலும் மட்டும் கார்ட் அடிப்பது. ஒற்றைப்படைத் தாளத்துக்குள் சரிபாதியான இரண்டு பெரிய தட்டுகள் வந்துவிடும், மேலே வலக்கை மிதக்கும். நொண்டுவதுபோன்ற உணர்வு மறைந்துபோகும். பியானோ கலைஞர் பிராட் மெல்டா தன் ட்ரியோவுடன் (மூவர் குழு) நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் 'ஆல் த திங்ஸ் யூ ஆர்' மெட்டை 7/4-ல் வாசித்த பதிவு 1999-ல் வந்தது. ஏழு என்று சொல்லாமல் ஒருவருக்குப் போட்டுக் காட்டினால் நெடுநேரம் கண்டுபிடிக்கமாட்டார், அவ்வளவு சீராக ஓடும்.

பாரின் கோட்டைத் தாண்டிக் கட்டுதல்

இதுவரை சொன்னது எல்லாம் பாருக்குள் வாழக் கற்றுக்கொள்வது. அதன் மேல் அடுக்கை நம் ஊர்த் தாளக் கணக்கு வழியே போனால் வேகமாகப் பிடிக்கலாம்.

மூன்று பீட் வாக்கியம் ஒன்றை 5/4-ன் மேல் நிறுத்தாமல் ஐந்து தடவை வாசித்தால் பதினைந்து பீட், அதாவது மூன்று பாரில் சமத்துக்கு, பாரின் ஒன்றுக்கு, வந்து சேரும். ஏழில் அதே வாக்கியம் ஏழு தடவை, இருபத்தொரு பீட், அதுவும் மூன்று பார். நடுவில் வாக்கியத்தின் அழுத்தம் ஒவ்வொரு முறையும் வேறு பீட்டில் விழும். இடக்கை அசையாமல் இருந்தால் கேட்பவருக்கு இரண்டு தாளம் ஒன்றோடொன்று உரசிப் பிரிந்து சேர்வது கேட்கும். இடக்கை வலக்கையின் பின்னால் போய்விட்டால் வெறும் 3/4-தான் மிஞ்சும்.

மூன்று முறை சொல்லிச் சமத்தில் முடிப்பதும் அப்படியே பயன்படும். 5/4-ல் இரண்டு பாருக்குப் பத்து பீட். இரண்டு பீட் வாக்கியம், இரண்டு பீட் கார்வை (இடைவெளி), வாக்கியம், கார்வை, வாக்கியம்: இரண்டு, இரண்டு, இரண்டு, இரண்டு, இரண்டு, மொத்தம் பத்து. ஒன்றில் தொடங்கி, மூன்றாம் பாரின் ஒன்றில் இறங்கலாம். கார்வை வேண்டாம் என்றால் மூன்று பீட் வாக்கியத்தை முதல் பாரின் இரண்டாவது பீட்டில் தொடங்கி மூன்று தடவை சொல்லுங்கள், ஒன்பது பீட் முடிந்ததும் சமம். ஏழில் இரண்டு பாருக்குப் பதினான்கு: நான்கு பீட் வாக்கியம், ஒரு பீட் கார்வை, நான்கு, ஒன்று, நான்கு. சோலோவின் முடிவில் இப்படி ஒன்றை வைத்தால் அடுத்து வாசிப்பவருக்கு எங்கே நுழைய வேண்டும் என்பது ஐயமில்லாமல் தெரியும். ஆனால் ஒரு சோலோவுக்கு ஒன்று போதும். இரண்டாவதைக் கேட்கும்போதே கணக்கு தெரியத் தொடங்கிவிடும், இசை பின்னால் போய்விடும்.

இந்தச் சிந்தனை ஜாஸ் பியானோவில் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்க விரும்புபவர்கள் விஜய் ஐயரைக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்கா சென்ற பெற்றோருக்கு 1971-ல் பிறந்தவர், 2013-ல் மெக்ஆர்தர் ஃபெல்லோஷிப் பெற்றவர், பிறகு ஹார்வர்டில் பேராசிரியர். தாளத்தை மனித உடல் எப்படி உணர்கிறது என்பதே அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. ஸ்டீஃபன் கிரம்ப், மார்கஸ் கில்மோர் இருவருடனும் அவர் செய்த 'ஹிஸ்டாரிசிட்டி' (2009), 'ஆக்செலராண்டோ' (2012) ஆகிய ட்ரியோ ஆல்பங்களில் வலக்கையைத் தேடாமல், முதல் தடவை இடக்கையையும் பேஸையும் மட்டும் கேளுங்கள்.

தொலைந்துபோனால்

எவ்வளவு பயிற்சி செய்தாலும் மேடையில் ஒருநாள் ஒன்று எங்கே என்று தெரியாமல் போகும். அப்போது முதலில் வலக்கையை நிறுத்துங்கள், இடக்கையை அல்ல. மௌனமான வலக்கை கேட்பவருக்கு ஒரு இடைவெளியாகத்தான் தெரியும். மனதுக்குள் எண்ணத் தொடங்காதீர்கள், தவறான இடத்திலிருந்து சரியாக எண்ணிக்கொண்டு போவதால் பயனில்லை. பேஸைக் கேளுங்கள். ஒவ்வொரு பாரின் ஒன்றிலும் பெரும்பாலும் அவர் கார்ட்டின் அடி ஸ்வரத்தைத் தொடுவார். இரண்டு பார் கேட்டுவிட்டு, 'தக' பகுதியில் நுழையுங்கள். நேராக ஒன்றில் நுழைய முயன்றால் அரை பீட் பிந்திவிடும், நான்கில் நுழைந்தால் ஒன்றுக்குள் தானாக வழுக்கி வந்துவிடலாம்.

தொலைந்துபோவதில் பாதி தொடக்கத்திலேயே தவிர்க்கக்கூடியது. ஒத்திகையில் டிரம்ஸ் வாசிப்பவரிடம் 'ஐந்து' என்று மட்டும் சொல்லாதீர்கள், 'மூன்றும் இரண்டும்' என்று சொல்லுங்கள். ஒரு பார் எண்ணித் தொடங்குவது நாலுக்குப் போதும். ஐந்துக்கும் ஏழுக்கும் இரண்டு பார் எண்ணுங்கள், ஒன்றையும் நான்கையும் (ஏழானால் ஒன்றையும் ஐந்தையும்) குரலில் உயர்த்திக் காட்டுங்கள். 'டேக் ஃபைவ்' ஓடும் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 பீட். அங்கே உடனே போக வேண்டாம். 90-ல் இடக்கை பேச்சுக்கிடையிலும் ஓடுகிறது என்றால் 110, அங்கே வலக்கையின் வாக்கியங்கள் எந்த பீட்டிலும் தொடங்க முடிகிறது என்றால் 130. அதற்கு மேல் இரண்டரையையும் நான்கரையையும் தேட நேரம் இருக்காது, கை அதை முன்பே அறிந்திருக்க வேண்டும்.